முத்தக் காய்ச்சல், மறுபடி

கசகசா அளவுதான் இருந்திருக்கும்.
ஒடெட் அதைப் பார்க்கவேயில்லை.
மெய்ன் மாநிலத்து ஜூன் மாதம்.
இடுப்பளவு புல்லில் முக்காலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு
யார் யார் நிலத்துக்கோ எல்லை குறித்துக்கொண்டிருந்தாள்.
முழங்கால் பின்மடிப்பில்
அவளை ஒன்று அளந்துவிட்டுப் போயிருக்கிறது.

உண்ணி.
உண்பதுதான் அதன் தொழில், பெயரிலேயே இருக்கிறது.
உண்டதில் அவளுக்கு வருத்தமில்லை,
விட்டுப்போன எச்சிலில்தான்.

மூன்றாவது குளிர்காலம்.
ரத்தப் பரிசோதனைத் தாளில்
ஒரு வரியின் கீழ் நகத்தால் கோடிழுத்து
டாக்டர் ஹகாலா கேட்டார்:
"இது பழைய ஆள்.
சின்ன வயதில் முத்தக் காய்ச்சல் வந்திருந்ததா?"

வந்திருந்தது.
பதினேழு வயது, பள்ளி மைதானம்,
பலகைப் படிகளின் அடியில் இருட்டு,
வெண்டல் ஸ்ப்ரோலின் வாயில் புதினா மிட்டாய்.
ஒரே ஒரு மாலை.
பிறகு ஆறு வாரம் படுக்கை,
அத்தோடு முடிந்தது என்றார்கள்.

முடியவில்லை, தூங்கியிருக்கிறது.
முப்பது வருடம், வாடகை தராமல்,
பின்கட்டு அறையில், சத்தமில்லாமல்.
காவலுக்கு நின்றவர்கள் எல்லோரும்
உண்ணி இறக்கிவிட்ட கும்பலைத் துரத்தி ஓடியபோது
கதவை ஒருக்களித்து எட்டிப் பார்த்து
ஆளில்லை என்று தெரிந்ததும்
கூடத்துக்கு வந்து கால்நீட்டி உட்கார்ந்துவிட்டது.
கழுத்தில் நெறி கட்டியது.
பல் துலக்கிய களைப்புக்கு
ஒரு மணி நேரம் படுக்க வேண்டியிருந்தது.

மார்ச்சில் அக்கி.
இடது விலாவைச் சுற்றி நெருப்புக் கச்சை.
அது அர்மான்ட் கொடுத்தது.
ஆறு வயதில் அம்மை போட்டபோது
ஓட்ஸ் கரைத்த வெந்நீர்த் தொட்டியில்
அக்காவையும் தம்பியையும் எதிரெதிரே உட்காரவைத்தாள் அம்மா.
அர்மான்ட் இப்போது இல்லை.
அவன் கொடுத்த அம்மை இருக்கிறது.
எரிச்சல் பொறுக்காத ஓர் இரவில்
அவன் பெயரைச் சொல்லி உரக்கத் திட்டினாள்.
அந்தப் பெயரை உரக்கச் சொல்லியே
பதினோரு வருடமாகியிருந்தது.

"எதை முதலில் விரட்டுவது?"
"விரட்ட முடிந்ததை விரட்டுவோம்.
மற்றதைத் தூங்கவைக்கப் பார்ப்போம்.
எனக்கும் முழுசாகத் தெரியாது."
அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான்
எண்பது மைல் கார் ஓட்டி அவரிடம் வருகிறாள்,
பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரம்
இருக்கையைச் சாய்த்துத் தூங்கிவிட்டு.

உண்ணிக்கான மாத்திரை:
பாலோடு கூடாது, விழுங்கியதும் படுக்கக் கூடாது,
வெயிலில் போகக் கூடாது.
நிலம் அளப்பவளிடம், வெயிலில் போகாதே என்று.
வைரஸ் மாத்திரைக்குத் தண்ணீர், நிறையத் தண்ணீர்.
இரண்டாம் வாரம் எல்லாம் மோசமாகும்,
மருந்து வேலை செய்கிறதா, நோய் வேலை செய்கிறதா
என்று காய்ச்சல்மானிக்கும் தெரியாது.

காப்பீட்டுக் கம்பெனிக் கடிதம்:
ஆதாரம் போதாது.
ஒரு புளூபெர்ரித் தோட்டம் யாருடையது என்பதற்கு
அவள் கையெழுத்தை நீதிமன்றம் ஏற்கிறது.
இந்த உடம்பு யாருடையது என்பதற்கு ஏற்பதில்லை.

கள வேலை இப்போது டோபினிடம்.
போன் செய்வான்: "வடகிழக்குக் கல்லைக் காணோம்."
கண்ணை மூடியபடியே சொல்வாள்:
"விழுந்த தேவதாருவின் வேரைத் தோண்டிப் பார்."
இருக்கும்.

ஏப்ரல் கடைசியில் வெண்டலின் ஆணிக்கடைக்குப் போனாள்,
டோபின் கால்சட்டைக்குத் தெளிக்கிற உண்ணி மருந்து வாங்க.
அவனுக்குத் தலை நரைத்து
மூக்குக்கண்ணாடி கயிற்றில் தொங்கியது.
"இளைத்துப்போயிருக்கிறாய் ஒடெட். என்ன உடம்புக்கு?"
"பழைய விஷயம்," என்றாள்.
சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை,
கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
என்னவென்று தெரியாமலே அவனும் சிரித்தான்,
பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தான்.

அந்தச் சிரிப்புக்கு இரண்டு நாள் படுக்கை.

மூன்றாம் நாள், அளவை நோட்டில், பென்சிலால்:
காற்று வடமேற்கு. ஈரம்.
வாசற்படி முதல் தபால்பெட்டி வரை அறுபத்து மூன்று அடி.
நடுவில் ஒருமுறை நின்றேன்.
திரும்பி வந்தது அளக்கப்படவில்லை.