தாமதக் கட்டணம்

முப்பத்தொரு வருஷம்
துறைமுகத்தில் கணக்கு எழுதினேன்.
எடுக்காமல் கிடந்த பெட்டிக்கு நாளொன்றுக்கு இவ்வளவு,
பிந்தி வந்தவனுக்கு இவ்வளவு,
மழை என்றாலும் இவ்வளவு,
வீட்டில் செத்தவீடு என்று வந்து நின்றாலும்
அதே இவ்வளவு.
தயவு என்றொரு நிரல்
அந்தப் பேரேட்டில் இருக்கவில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை
முகத்துவாரம் வீட்டுக் குளியலறையில்
வாளியைப் பிடித்தபடி சரிந்தேன்.
பெரியாஸ்பத்திரியில் கண் திறந்தபோது
வலது கை வேறு யாருடையதோ போலப் பக்கத்தில் கிடந்தது.
வாயில் இருந்த சொற்களெல்லாம் போய்விட்டிருந்தன,
ஒன்றைத் தவிர.

நயனா மிஸ் படம் காட்டுவா.
சீப்பு. நான் சொல்வேன்: கப்பல்.
கோப்பை. கப்பல்.
திறப்பு.
திறப்பு, திறப்பு என்று உள்ளே நூறுதரம் சொல்லிக்கொண்டு
வாயைத் திறந்தால்
கப்பல்.
அவ சிங்களம். எனக்காகத் தமிழ்ச் சொற்களைக்
கொப்பியில் சிங்கள எழுத்தில் எழுதி வைத்திருந்தா.
அவ சொல்லும் சீப்பும் கொஞ்சம் பிழைதான்.
இரண்டு பேரும் சிரித்தோம்.
சிரிப்பு மட்டும் சரியாக வந்தது.

ஞாயிறு, ஆறரைப் பூசை.
மகன் பொனிபஸ் என்னைக் கடைசி வாங்கில் இருத்துவான்,
தூணோரமாக, சாய வசதியாக.
எல்லோரும் பிதாவே என்று அழைக்கும்போது
நானும் அழைப்பேன்: கப்பல்.
அப்பம் வரும் இடத்தில் கப்பல்.
பாவம் வரும் இடத்திலும் கப்பல்.
முன்வாங்குப் பெடியன் திரும்பிப் பார்ப்பான்.
தாய் அவன் தலையைப் பிடித்துத் திருப்பிவிடுவா.
வெட்கத்தில் வாயை மூடிக்கொண்ட கிழமைகளும் உண்டு.

ஆனால் மேலே இருப்பவர்
படம் காட்டிக் கேட்கிறவர் இல்லை.
நான் கப்பல் என்றால்
எந்தக் கப்பல் என்று அவருக்குத் தெரிகிறது.
இது பசி. இது பயம்.
இது மெற்றில்டா, செத்து நாலு வருஷம்.
தேங்கிக் கிடக்கும் சரக்கை
ஒவ்வொன்றாக இறக்குகிறார்,
கைதவறி ஒன்றையும் போடாமல்,
மணிக்கூட்டைப் பாராமல்.
ஏழு மாதமாகிறது.
பில் இன்னும் வரவில்லை.

ஒன்று மட்டும் இறங்காமல் அடியில் கிடந்தது.

பொனிபஸுக்குச் சின்னதில் திக்குவாய்.
இரவுச் செபமாலையில் அவன் முறை வந்தால்
அ, அ என்று நிற்பான். அருள் வராது.
வேலையால் வந்த களைப்பு எனக்கு.
சொல்லு, கெதியாச் சொல்லு என்று
அடிமட்டத்தால் முழங்காலில் தட்டுவேன்.
தட்டுவேன் என்றுதான் நினைக்கப் பார்க்கிறேன்.
அடித்தேன்.

அதே பொனிபஸ்தான் இப்போது
என் கடைவாயைத் துடைக்கிறான்,
சேர்ட் பொத்தானைப் போடுகிறான்.
கெதியா என்று ஒருநாளும் சொன்னதில்லை.
இதை அவனுக்கு யார் பழக்கினார்கள்?
நானில்லை.

நேற்றுப் பின்னேரம்
ஓட்டோ பிடித்துக் கடற்கரைக்குக் கொண்டுபோனான்.
வெளியே ஒரு பெரிய கப்பல்,
தானாக உள்ளே வரத் தெரியாமல்,
விளக்குப் போட்டபடி நின்றது.
அதைக் கூட்டிவர
வழிகாட்டிப் படகொன்று, சின்னது,
அலையில் விழுந்து எழும்பிப் போய்க்கொண்டிருந்தது.
முப்பத்தொரு வருஷமாக
நின்ற கப்பலுக்குக் காசு எழுதினேன்.
இந்தப் படகை நான் கவனித்ததேயில்லை.

கப்பல், என்றேன்.
ஓம் பப்பா, கப்பல்தான்! என்றான்,
நான் பரீட்சை பாஸ் பண்ணியது போல.

நான் அதைச் சொல்லவில்லை.
தலையை ஆட்டினேன்.
இடது கையை எடுத்து
அவன் முழங்காலில் வைத்தேன்,
அடிமட்டம் பட்ட இடத்தில்.
கப்பல், என்றேன். கப்பல். கப்பல்.

அவன் கடலைப் பார்த்தான்.
பிறகு என் கையைப் பார்த்தான்.
தெ, என்றான்.
தெ. தெ.
ஊரெல்லாம் சரளமாகப் பேசுபவனுக்கு
என் முன்னால் மட்டும் இன்னும் வரும் அந்த அடைப்பு.

படகு கப்பலைப் போய்த் தொட்டது.
இருட்டிவிட்டது.
ஓட்டோக்காரன் இரண்டுதரம் ஹோர்ன் அடித்தான்.

நான் காத்திருந்தேன்.