பதினெட்டு சதவீதம்

வங்கி ஒன்று கழித்துக் கட்டிய சர்வர்.
திரியெஸ்தேயில் நாற்பது யூரோ கொடுத்து வாங்கி
ரயிலில் தொடை மரத்துப்போக மடியில் வைத்து வந்தேன்.
முதல் முறை பொத்தானை அழுத்தியதும்
வின்கோ ஜன்னலைச் சாத்த ஓடினான்
புர்யா கிளம்பிவிட்டதென்று.

செஷானாவில் எங்களுக்குக் காற்றைத் தெரியும்.
ஓடு பறக்காதிருக்கக் கூரைமேல் கல் ஏற்றுகிற ஊர்.
ஆனால் எந்தப் புர்யாவும் ஒருநாள் ஓயும்.
இது ஆறு விசிறி, ஒவ்வொன்றும் ஒரு பிஸ்கட் அகலம்,
நிமிடத்துக்குப் பதினாலாயிரம் சுற்று.

அதற்குள்தான் என் வௌவால்கள்.
பதினோரு குகைவாய்களில் நட்ட ஒலிவாங்கிகள்
இரவெல்லாம் சேர்த்தவை.
காதுக்கு எட்டாத கூச்சலைப்
பத்து மடங்கு மெதுவாக்கினால்
ஈரவிரல் கண்ணாடியில் இழுபடும் சத்தம்.
அதைக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அவனுக்குச் சம்பளம் பேக்கரியில்.
இரவு பத்துக்குப் போய்க் காலை ஆறுக்கு வருவான்,
புருவமெல்லாம் மாவு.
எங்களுக்கு ஒரே அறை. பகல்தான் அவன் இரவு.
"கத்தட்டும் தில்கா, எனக்கொன்றுமில்லை" என்பான்
தலையணையைக் கட்டிக்கொண்டு.

முதலில் அலமாரிக்குள் தள்ளிப்
பழைய மெத்தையைக் கிழித்துச் சுற்றிலும் அடைத்தேன்.
சத்தம் பாதியானது.
இருபதாவது நிமிடம் தொண்ணூற்றாறு டிகிரி.
தன்னைத் தானே அணைத்துக்கொண்டது.

மூடியைக் கழற்றினால் குளிருமென்று கழற்றினேன்.
இன்னும் சூடேறியது.
மூடி இருந்தால்தான் காற்றுக்கு வழி தெரியும் போலிருக்கிறது.
திறந்த பெட்டியில் அது
வேலைக்குப் போகாமல் அறையைச் சுற்றித் திரிந்தது.

பிறகு நிதானமாகச் சுழலும் பெரிய விசிறி ஒன்றை மாட்டினேன்.
சர்வர் நம்பவில்லை.
இவ்வளவு மெதுவாகச் சுற்றுவது
செத்ததாகத்தான் இருக்குமென்று
மிச்சம் ஐந்தையும் முழு வேகத்தில் அலறவிட்டது,
சாவு வீடு மாதிரி.

கடைசியில் உட்கார்ந்து பேசக் கற்றேன், அதன் பாஷையில்.
எதைச் சாவென்று எண்ணலாம் என்கிற எல்லையை
ஆயிரம் சுற்றிலிருந்து முந்நூறுக்கு இறக்கினேன்.
ஆறையும் மாற்றினேன்.
நிமிடத்துக்கொரு முறை சூடு பார்.
அறுபத்தைந்து வரை பதினெட்டு சதவீதம் போதும்.
தாண்டினால் ஐந்தைந்தாக ஏற்று.
எண்பதைத் தொட்டால் என்னைக் கேட்காதே,
உன் இஷ்டத்துக்குக் கத்து.
(அந்தக் கடைசி வரியை விட்டுவிடத்தான் ஆசை.
எழுதினேன்.)

செவ்வாய் மதியம் ஐம்பத்தெட்டு டிகிரியில் நின்றது.
பிரிட்ஜ் முனகுவது கேட்டது.
தண்டவாளத்தில் சரக்குப் பெட்டிகளைக் கோத்தார்கள், அதுவும்.
ஹெட்போனில் குதிரைலாட வௌவால் ஒன்று
அதன் நடுவே என்னவோ.
பின்னால் ஓட்டிப் பார்த்தேன், பதிவில் இல்லை.
ஹெட்போனைக் கழற்றினேன்.
இருந்தது.

வறட்டு இருமல். முடிகிற இடத்தில் மெல்லிய சீழ்க்கை.
தூக்கத்திலேயே
தலையணையை வாயில் அழுத்திக்கொண்டான்.
பழகிய கை.

எத்தனை நாளாக, என்று கேட்டேன், எழுந்ததும்.
"பனிக்காலத்திலிருந்து."
இது ஆகஸ்ட்.
"அது போடுகிற சத்தத்தில் உனக்குக் கேட்காதென்று..."
சாக்ஸைத் தேடுகிறவன்போலக் கட்டிலடியில் குனிந்தான்.

வியாழக்கிழமை டாக்டர் பிர்சா குழாய் நீட்டி ஊதச் சொன்னார்.
மூன்று முறை.
தாளில் எழுதினார்: அறுபத்திரண்டு சதவீதம்.
மாவை விட்டுவிடு என்கிறார் அவர்.
மாஸ்க் போதும் என்கிறான் இவன்.
இன்னும் பேசி முடியவில்லை, வீட்டுக் கடனும் பேச்சில் இருக்கிறது.

நேற்று ஒரு மாதப் பதிவுகளை மொத்தமாக ஓடவிட்டேன்.
விசிறி இருபத்துமூன்றுக்கு ஏறியது.
வின்கோ ஒரு கண்ணைத் திறந்து
"அதற்கு என்ன?" என்றான்.
கொஞ்சம் சூடு, என்றேன்,
அது சொல்லிவிடும்.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.