விழுவதைப் பிடிக்காதீர்கள்

தண்டர் பே, சமூகக் கூடத்தின் கீழ்த்தளம்.
நவம்பர். வாசலில் ஈரச் சப்பாத்துகள்.
ஆறு பேர், ஆறு மடக்குக் கத்திகள்,
ஆளுக்கொரு சவர்க்காரக் கட்டி.
மரம் அடுத்த சனிக்கிழமை என்றேன்,
சவர்க்காரம் கொஞ்சம் மன்னிக்கும்.

முதலில் கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றுங்கள்,
விரல் நுனி ஒருவரையும் தொடக் கூடாது.
கணக்காளர் சிவநேசன் சுவரில் இடித்துவிட்டு
"சுவர் பரவாயில்லையா?" என்றார்.
சுவர் பரவாயில்லை.

திறப்பது எல்லோருக்கும் உடனே வந்துவிட்டது.
நகத்தைக் குழியில் வைத்து இழுக்க
டக் என்று அலகு நிமிர்ந்தது.
அந்தச் சத்தத்தில் ஆறு பேரும் ஓர் அங்குலம் உயர்ந்தார்கள்.
மூடுவதில்தான் இருக்கிறது சங்கதி.
சமையலறைக் கத்திக்கு வீடு கிடையாது;
இது வீடு திரும்பும்போது
வாசலில் நிற்கும் விரலைக் கடிக்கும்.
பூட்டை அமுக்குகிற பெருவிரல்
எங்கே நிற்கிறது பாருங்கள். அதே வாசலில்.
பாதி மூடு. பெருவிரலை எடு. பிறகு மீதி.
இதைச் சொல்ல மூன்று மூச்சு,
பழக நாற்பது நிமிடம்.

கைமாற்றும்போது மூடித்தான் கொடுக்க வேண்டும்,
மூடியிருந்தாலும்
நன்றி என்று காதில் விழும்வரை விடக் கூடாது.
எய்னோ முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர்,
பேச்சை மிச்சம் பிடித்தே பழகியவர்.
தலையை மட்டும் ஆட்டினார்.
ஹர்லீன் விடவில்லை.
அவர் இழுக்கவில்லை, அவள் விடவில்லை,
நடுவில் சிவப்புப் பிடியோடு ஒரு கத்தி,
குழாயில் ஹீட்டர் முனகியது.
கடைசியில் "ம்" என்றார்.
அது சேருமா என்று என்னைப் பார்த்தாள்.
சேரும்.

அடுத்தது,
விழும் கத்தியைப் பிடிக்காமல் இருப்பது.
மூடிய கத்தியை மேசையிலிருந்து தள்ளுவேன்,
கைகளைத் தூக்கி ஓரடி பின்னால் போங்கள்.
தலையாட்டினார்கள்.
தள்ளினேன்.
ஆறு பேரும் பாய்ந்தார்கள்.

கையைக் குற்றம் சொல்ல முடியுமா?
கரண்டி, சாவி, ஃபோன்,
படிக்கட்டில் தடுக்கிய பிள்ளை,
எது விழுந்தாலும் பிடி என்றுதானே அதற்குத் தெரியும்.
மரிவிக் வேலை செய்வது பிரசவ வார்டில்.
பத்தாவது தடவையும் பிடித்துவிட்டாள்,
உள்ளங்கை இரண்டையும் கிண்ணமாய்க் குவித்து.
"ஸாரி. என் கை என்னைக் கேட்பதில்லை."

என் இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.
ஆயுள் ரேகைக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு,
நிபிகான் ஏரிக்கரையில் ஒரு மாலை,
ஒரு மீன், ஒரு வழுக்கல், ஏழு இழை.
இரண்டு விரலுக்குச் சூடும் குளிரும் ஒன்று;
இந்த ஊருக்கு அது வசதி என்றேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
சிவநேசன் மட்டும் குனிந்து
சாத்திரம் பார்ப்பவர் போல் ரேகையைப் படித்தார்.

மறுபடி தள்ளினேன். மறுபடி.
மேலே யோகா வகுப்பிலிருந்து ஒருவர்
இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் கேளாமல் ஏறிப் போனார்.
நாலு மணிக்கு ஆறு பேரும் ஒன்றாய்
கைகளைத் தூக்கிப் பின்வாங்கினார்கள்,
வங்கிக் கொள்ளையில் அகப்பட்டவர்கள் மாதிரி.
போதும், தேநீர் குடிப்போம் என்றேன்.

ஹர்லீனின் முழங்கைதான் பட்டது.
என் நீலக் கோப்பை,
போன வருட வகுப்பு என் பெயரைப் பிழையாய் எழுதித் தந்தது,
விளிம்புக்கு வந்து, சற்று யோசித்து, சரிந்தது.
ஆறு பேரும் கைகளைத் தூக்கி
ஓரடி பின்னால் போனார்கள்.
மரிவிக்கும்.

நான் பிடித்துவிட்டேன்.

கோப்பைக்கு ஒன்றுமில்லை.
சட்டைக் கையெல்லாம் தேநீர்.
மரிவிக் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய்
பைப்பைத் திறந்தாள்.
"எரிகிறதா?"
மூன்று விரல் ஆம் என்றது.
தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.
போதும் என்றேன், விடவில்லை.
சரி என்றேன், விடவில்லை.
பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

"ம்" என்றேன்.

விட்டாள்.