கழிவு போக

ஆலை வாசலில், எடைமேடைக் கூண்டில்
எனக்கிது பதினெட்டாவது பருவம்.
சர்க்கரை பீட்ரூட் ஏற்றிய லாரி உள்ளே வரும்போது ஓர் எடை,
கொட்டிவிட்டு வெளியேறும்போது ஓர் எடை.
முன்னதில் பின்னது போனால் கிழங்கு.
கிழங்கில் ஒட்டிய மண்ணுக்கு
நூற்றுக்கு ஏழோ எட்டோ கழித்துச் சீட்டில் முத்திரை குத்துவேன்.
மழை நாளென்றால் பதினைந்து.
போலந்து முழுக்கத் தேடினாலும்
எங்கள் குயாவியக் கரிசல் போல ஒட்டும் மண் கிடையாது.

ஜெமோவித் மட்டும் ஒவ்வொரு நடைக்கும் சண்டைக்கு வருவான்:
"என் லோடில் அவ்வளவு மண் இல்லை, போகுமிவா."
"எல்லாரும் சொல்வதுதான்" என்று ஜன்னலைச் சாத்துவேன்.

போன மார்ச்சில் டாக்டர் ரோமுவால்டா என் காகிதத்தைப் படித்தார்.
சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்றார்.
சிரித்துவிட்டேன்.
எல்லையில் நிற்பது நான்தான் டாக்டர்,
ஆலையை விட்டுப் போகும் ஒவ்வொரு மூட்டையும்
என்னைத் தாண்டித்தான் போகிறது.

அவர் சிரிக்கவில்லை.
முழங்காலை அழுத்திப் பார்த்தார்,
நூற்று முப்பத்தொன்று என்று எழுதினார்,
பேனாவை மூடினார்.
"எழுபத்தைந்து வயதில் என்ன செய்ய ஆசை?"
பதில் யோசிக்குமுன் வந்துவிட்டது:
"என் ஷூ நாடாவை நானே கட்ட வேண்டும்."
அன்று காலைகூட மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கட்டினேன்,
குளத்தில் முங்கி எதையோ தேடுகிறவள் போல.

வித்தை ஒன்றும் இல்லை.
ரொட்டியில் வெண்ணெய் மெலிந்தது,
சட்டியில் முட்டைகோஸ் பெருத்தது.
கைவிட்ட கிழங்கு ரயில் பாதையில்
இரண்டு கிலோமீட்டர் போக, இரண்டு வர.
முதல் வாரம் தண்டவாளக் கட்டைகளை எண்ணினேன்,
எப்போது தீரும் என்று.
எண்ண மறந்தது எந்த வாரம் என்று தெரியவில்லை.

பருவம் ஓய்ந்த மே மாத இரவில்
யாருமில்லாத எடைமேடையில் ஏறி நின்றேன்.
லாரிக்கான மேடை அது,
அதன் சிவப்பு எண்கள் இருபது இருபதாகத்தான் தாவும்.
மார்ச்சில் நின்றபோது நூற்று நாற்பது என்று கத்தியது.
இப்போது நூற்றிருபது!
வீட்டுத் தராசில் இறங்கியது வெறும் மூன்று கிலோ.
இரும்புக்கும் என்ன தாராளம்!

அதன் பிறகு கஞ்சத்தனம்.
ஜூனில் நூற்றிருபது. ஜூலையில் நூற்றிருபது.
ஆகஸ்டில் மகள் கலீனாவின் கல்யாணம்,
நடுநிசிக்கு மேலும் தட்டு வந்துகொண்டே இருந்தது.
மறுநாள் மிச்சத்தையும் தின்றோம்.
நான்கு கிலோ திரும்பி வந்து உட்கார்ந்தது.
மேடை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை,
அதே நூற்றிருபது.
அந்த ஒரு மாதம் நான் நடக்கவும் இல்லை.
செப்டம்பரில் ஒருநாள் மழையோடு மீண்டும் கிளம்பினேன்,
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நவம்பர் விடியல், தூறல்,
ஜெமோவித்தின் லாரி.
வழக்கம்போலப் பதினைந்து என்று எழுதப் போன கை நின்றது.
கூண்டுப் படி இறங்கினேன்.
லாரியின் பக்கவாட்டு ஏணியைப் பிடித்து
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
மேலே போய் நின்றபோது எனக்கு மூச்சு மிச்சமிருந்தது.
பதினேழு பருவமாக ஜன்னலுக்குள் உட்கார்ந்தே
மற்றவர் மண்ணை அளந்திருக்கிறேன்.
ஒரு கிழங்கை எடுத்துத் திருப்பினேன். இன்னொன்று.
அடியில் கைவிட்டு இன்னொன்று.

அவன் சொன்னது சரிதான்.

இறங்கி வந்து ஆறு என்று எழுதினேன்.
சீட்டை இரண்டு முறை பார்த்தான்.
"உடம்பு சரியில்லையா?"
"சரியாகிக்கொண்டு வருகிறது."

நாடா அவிழ்ந்திருந்தது.
குனிந்து கட்டினேன்,
கட்டும்போதே அடுத்த லாரியை வரச் சொல்லிக் கத்தினேன்.
இன்று காலை வீட்டுத் தராசில் நூற்றுப் பதினான்கு,
ஷூவோடு.
மண்ணுக்கு இன்னும் கழிக்கவில்லை.