பதினோராம் தொட்டி

ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில் எங்கள் லாட்ஜ்.
அறைக்கு ஒரு ஸ்டவ், ஒரு வாளி, இரண்டு பாய்.
மொட்டைமாடியில் பதினேழு தொட்டிகள்.
பாதி, பெயிண்ட் டப்பா.

தங்க வருபவர்களுக்கு என் தமிழ் புரியாது,
எனக்கு அவர்கள் வங்காளம் வாடகை பேசுமளவுக்கு.
"கொதோ தின்?" எத்தனை நாள் என்பேன்.
டாக்டருக்கே தெரியாததை என்னிடம் எப்படிச் சொல்வார்கள்.

மாடிக்கு வருவார்கள்,
துணி காயவைக்க, போன் பேச, பேசிமுடித்து அழ.
கையிலிருப்பதை எங்கே கொட்டுவது?
தொட்டி இருக்கிறதே.
மீன் அலசிய தண்ணீர், சோப்பு நுரை,
உப்புப் போட்ட கஞ்சி, பீடித்துண்டு.

முதலில் படுத்தது கத்தரி.
பிறகு மிளகாய், இலையோரம் கருகி.
ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நின்று
வானத்தைக் காட்டியது.
மண்மேல் வெள்ளைப் பொருக்கு.
கிள்ளி நாக்கில் வைத்தேன். உப்பு.
(அதற்கு தில்ஷாத் இன்றுவரை திட்டுகிறாள்,
இந்த மாடியில் போய் மண்ணைத் தின்பாயா என்று.)
வேரைப் பிடுங்கினால்
ஜவ்வரிசி கோத்தாற்போல் முடிச்சு முடிச்சாய்.

பதினோராம் தொட்டி வேறு கதை.
பங்குனிக் கடைசியில்
முப்பத்தொன்றாம் அறையைக் காலி செய்த காலை
மொண்டல் தனியாக மேலே வந்தார்.
அட்டையைக் கிழித்துக் கிழித்து
மனைவியின் மிச்ச மாத்திரைகளை
ஒவ்வொன்றாய் அதில் போட்டார்.
சிவப்பு மருந்தைக் கவிழ்த்து, பாட்டிலைத் தட்டி,
கடைசிச் சொட்டுவரை காத்திருந்தார்.
டேங்குக்குப் பின்னால் நின்றிருந்தேன்.
வேண்டாம் என்பதற்கு வங்காளத்தில் எனக்குச் சொல் தெரியும்.
சொல்லவில்லை.

"எல்லாத்தையும் பாலாத்துல கொட்டு" என்றார் அமீர் பாய்.
வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டைவரை
அது வாங்கிக்கொண்டது போதாதா, பாய்?

சித்திரையில் ஆரம்பித்தேன்.
கொத்தனார் சல்லடையில் சலித்து
வேரையும் பீடியையும் பொறுக்கி,
அடித்துளை திறந்து மூன்று தரம் தண்ணீர் விட்டேன்.
முதல் தரம் டீ நிறம், நுரையோடு.
மூன்றாந்தரம் நுரை இல்லை.
காவிரித் தண்ணீர் வராத நாட்களில் மண்ணும் காத்திருந்தது
எங்களைப்போல.

ஈரமண்ணை மாடித்தரையில் பரப்பி
புது மெத்தைகள் சுற்றிவந்த பிளாஸ்டிக்கால் மூடி
ஓரமெல்லாம் செங்கல் வைத்தேன்.
மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று
கேலி பேசும் ஊர்தான் இது.
வெயில் இல்லை என்று எவனாவது சொன்னானா?
வேலூர் வெயிலே, உன்னைத் திட்டாத நாளில்லை,
வா, இந்த ஒருதரம் வேலைக்கு வா.

யாரோ அறையில் விட்டுப்போன காய்ச்சல் தெர்மாமீட்டரை
பிளாஸ்டிக்குக்கு அடியில் சொருகிப் பார்த்தேன்.
நாற்பத்திரண்டில் நின்றது பாதரசம்.
அதற்குமேல் அதற்குக் கணக்குத் தெரியாது.
கத்திரி முடிந்தும் விரிப்பை எடுக்கவில்லை,
இன்னும் பத்துநாள் வேகட்டும் என்று விட்டேன்.

பதினோராம் மண்ணை மட்டும் மற்றதோடு சேர்க்கவில்லை.
சலிக்கவில்லை, கழுவவில்லை.
கழுவினால் அந்த மருந்து எங்கே போகும்,
யார் கிணற்றுக்கு?
இரட்டைப் பையில் கட்டி
ஆஸ்பத்திரியில் பழைய மருந்து வாங்கும் ஜன்னலுக்குத் தூக்கிப்போனேன்.
"பேஷண்ட் பேர்?" என்றது உள்ளேயிருந்த பெண்.
மண்ணுக்கா என்று கேட்க வாயெடுத்தேன்.
பிறகு, எங்கள் ரிஜிஸ்டரில் இருந்தபடி சொன்னேன்:
ஷெபாலி மொண்டல், முப்பத்தெட்டு.
எழுதிக்கொண்டு பையை வாங்கினாள்.

ஆனியில் விரிப்பை எடுத்தேன்.
மண்ணுக்கு வாசனையே இல்லை, சுட்ட ஓடு மாதிரி.
மக்கிய சாணி, தேங்காய் நார்த்தூள்,
ஒரு பிடி வேப்பம்பிண்ணாக்கு.
இரண்டு மழை வாங்கவிட்டு
எல்லாத் தொட்டியிலும் கீரைவிதை தூவினேன்,
தின்பதற்கு அல்ல, கேட்பதற்கு.
பதினாறில் பதினான்கு பதில் சொல்லின.
மீதி இரண்டையும் திரும்பச் சலிக்கவேண்டும்.

பதினோராம் தொட்டியின் துளையை எம்சீல் வைத்து அடைத்து
படிக்கட்டுக் கதவோரம் போட்டேன்.
சிலிகுரியிலிருந்து தம்பிக்குத் துணையாக வந்த பெண்
சாக்பீஸால் அதன்மேல் ஏதோ எழுதினாள்.
என்ன எழுதினாள் என்று எனக்குப் படிக்கத் தெரியாது.
இப்போது அதில்தான் கொட்டுகிறார்கள்.
நாள்தோறும் மாலை கீழே தூக்கிப்போகிறேன்,
கனமாகத்தான் இருக்கிறது.