பதினொரு நிமிடம்

கடைசி நிறுத்தத்தில் டிராம் வளைந்து திரும்பி
பெருமூச்சு விட்டு நிற்கும்போது
அட்டவணை எனக்கு ஒதுக்குவது
பதினொரு நிமிடம்.
பனி கொட்டினால் ஏழு.
எவராவது கதவிடுக்கில் குடையைக் கொடுத்திருந்தால்
நான்கு.

ஓட்டுநர் அறையில், மைக்ரோவேவுக்குக் கீழே,
விளாஸ்திமிலின் ரப்பர் பூட்ஸுக்குப் பக்கத்தில்
காது வைத்த இரும்புக்குண்டு ஒன்று கிடக்கிறது.
இருபது கிலோ. என்னுடையது.
அக்டோபரில் அது பதினாறு.
குண்டு வளரவில்லை; கொடுத்து மாற்றினேன்.

ஒஸ்திராவாவில் இரும்புக்கா பஞ்சம்?
என் அப்பா அதை உருக்கினார்.
நான் அதன்மேல் வண்டி ஓட்டுகிறேன்,
மிச்சத்தைத் தூக்குகிறேன்.

திங்களன்று குண்டை நெஞ்சோடு அணைத்து
உட்கார்ந்து எழுதல், ஐந்தைந்தாக.
புதனன்று கால்களுக்கிடையே விட்டு
இடுப்பால் வீசி எறிதல், எறியாமல்.
வெள்ளியன்று விளாஸ்திமில் புகைக்கப் போனதும்
வாசலுக்கு மேலே ஓடும் குழாயில் தொங்குதல்.
அது வெந்நீர்க் குழாய் என்பது
முதல் பனியன்று தெரிந்தது.
இப்போது கையுறை போட்டுக்கொள்கிறேன்.

அவ்வளவுதான்.
புத்தகத்தில் படம் போட்டிருக்கும் மீதிப் பதினான்கும்
காலையில் வேலைக்குப் போகாதவர்களுக்கு இருக்கட்டும்.

செவ்வாயும் வியாழனும் ஜூடோ.
பள்ளிக்கூட உள்ளரங்கு, பச்சைப் பாய்,
நாற்பத்தொரு வயதில் மஞ்சள் பெல்ட்.
எதிரே போஹ்தனா. பல் மருத்துவரிடம் உதவியாள்.
பகலெல்லாம் திறந்த வாய்களைப் பார்த்துவிட்டு
மாலையில் வந்து என் வாயை அடைக்கிறாள்.

அவள் குறுக்கே படுத்து அமுக்கினால்
இருபது வினாடியில் கதை முடிந்தது.
செப்டம்பர் முழுக்க
அவள் தோளுக்கு அப்பால் கூரை விளக்குகளை எண்ணினேன்.
பன்னிரண்டு. அதில் ஒன்று எரிவதில்லை.

இரும்பு பிடித்த கையும்
சிரங்கு பிடித்த கையும் சும்மா இருக்காதாம்.
சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம்
என் கை வேகநெம்பைப் பிசைந்துகொண்டிருக்கிறது,
அதற்குக் காலர் இருப்பதுபோல.

போன வியாழன், பதினேழாவது வினாடி.
குதிகாலை ஊன்றினேன்.
கேட்காமலே இடுப்பு எழுந்து பாலமாயிற்று.
திங்கட்கிழமைகள் எல்லாம்
எங்கிருந்தோ வந்து அந்தப் பாலத்துக்கு முட்டுக்கொடுத்தன.
போஹ்தனாவின் மூச்சு ஒரு முறை இடறியது.
என் இடது தோள் பாயை விட்டு எழுந்தது,
ஒரு விரற்கடை.
அதற்குள் இருபது ஆகிவிட்டது.

தோற்றேன். எழுந்து குனிந்து வணங்கினோம்.
பெல்ட்டை இறுக்கிக்கொண்டே,
"இப்போதெல்லாம் என்ன சாப்பிடுகிறாய்?" என்றாள்.
அட்டவணை என்றேன். புரியவில்லை அவளுக்கு.

இன்று பனி. ஏழு நிமிடம்.
இரண்டு சுற்று முடிந்து
மூன்றாவதன் நடுவில் கண்ணாடியைத் தட்டுகிறார்
ஒரு பெண்மணி. ஒரு கையில் நாய்,
மறு கையில் முட்டைக்கோசுப் பை.
"வண்டி கிளம்புமா, கிளம்பாதா?"

நெஞ்சில் இருபது கிலோ. வாயில் காற்றில்லை.
குண்டை ஒரு கைக்கு மாற்றி
மூன்று விரல் காட்டுகிறேன்.
அவர் தலையாட்டிவிட்டுக்
கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

நிமிடம் இல்லை, அம்மா.
இன்னும் மூன்று தடவை
உட்கார்ந்து எழ வேண்டும்.