சால்னா கவர்

செக்கானூரணி புரோட்டாக் கடையில்
சால்னா ஊற்றாத கவர் நாலு
கெஞ்சி வாங்கி வந்திருந்தான் சோணைராஜ்.
சவ்வு என்று அதற்குப் பெயர் வைத்தோம்.
கஞ்சி என் வீட்டில் வடித்தது.
அயோடின், முதலுதவிப் பெட்டியில் கிடந்தது,
காலாவதியாகி ஆறு மாதம்.
“நிறம் இருக்குல்ல, போதும்” என்றார் ஹெலன் மிஸ்.

கவருக்குள் கஞ்சி. நூலால் இறுக்கி ஒரு முடிச்சு.
டம்ளர் தண்ணீரில்
டீ நிறம் வரும்வரை அயோடின்.
உள்ளே இறக்கினோம்.

நாலாம் குழுவின் கவர் ஒழுகி
டம்ளரே கறுத்துப்போக
ஜெயித்துவிட்டோம் என்று கைதட்டினார்கள்.
“ஓட்டை வேற, துளை வேற” என்றார் மிஸ்.

அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.
பெஞ்சுகளை வகுப்பின் குறுக்கே இழுத்து
ஒருக்களித்தால் மட்டும் ஓர் ஆள் நுழையும்
இடைவெளி விட்டார்.
“இது சவ்வு. பை மாட்டாதவங்க அயோடின்.
மாட்டினவங்க ஸ்டார்ச்.
கண்ணை மூடி நடங்க, முட்டினா திரும்புங்க.
எங்க போறோம்னு யாருக்கும் தெரியக் கூடாது.”

தெரியாமல்தான் நடந்தோம்.
போனவள் வந்தாள், வந்தவன் மறுபடி போனான்.
நிறுத்தி எண்ணினால்
இந்தப் பக்கம் ஒன்பது அயோடின், அந்தப் பக்கம் ஒன்பது.
மறுபடி நடந்தோம், மறுபடி ஒன்பது.
ஒன்பதில் பாதிப் பேர் வேறு ஆட்கள்.

சோணைராஜ் மட்டும்
புத்தகம் டிபன் கபடி பனியனோடு
பெஞ்சில் முட்டி முட்டி நின்றான்.
“மிஸ், நான் கடைசி வரைக்கும் இங்கிட்டுத்தானா?”

“எச்சில் பட்டா ஸ்டார்ச் உடையும்டா.
ஒரு வாய்ச் சோத்த மென்னுக்கிட்டே இரு, இனிக்கும்.
சர்க்கரை ஆயிட்டா
நிஜச் சவ்வுல அதுபாட்டுக்குப் போயிரும்.”

எச்சில் என்றதும் வகுப்பு சிரித்தது.
பாண்டீஸ்வரி சிரிக்கவில்லை.
நான் சிரித்து, பாதியில் நிறுத்தினேன்.

அவளும் நானும் ஒரே பஸ், வேறு நிறுத்தம்.
நடுவில் ஒரு கண்மாய்க்கரை,
நூறு அடிகூட இராது.
அங்கிருந்து எங்கள் மாட்டுக்குப் புல் வரும்,
நடவுக்குக் கைகள் வரும்,
சாவென்றால் பறை வரும்.
இங்கிருந்து கூலி போகும், தாமதமாக.
ஒரு டம்ளர் மட்டும்
இதுவரை எந்தப் பக்கமும் போனதில்லை.

கவரைத் தூக்கிப் பார்த்தோம்.
உள்ளே கஞ்சி நாவல்பழமாய்க் கறுத்திருந்தது.
வெளியே தண்ணீர் வெளிறி,
பால் விடாத இஞ்சி டீ மாதிரி.
அயோடின் போயிருக்கிறது. கஞ்சி வரவில்லை.
நோட்டில் ‘காண்பது’ என்ற கட்டத்தில் எழுதினேன்.
‘அறிவது’ என்ற கட்டத்தை
பெல் அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அவள் பாட்டிலை வாங்கினேன்.
ஜூனிலிருந்து வாங்கித்தான் குடிக்கிறேன்,
அண்ணாந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து,
காலர் நனைய நனைய.
இன்று வாய் வைத்தேன்.
அவள் பார்த்தாள்.
திருப்பி வாங்கி
துடைக்கலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது.
துடைக்காமல் குடித்தாள்.
வெறும் தண்ணீர்தான். இனிப்பெல்லாம் இல்லை.

சாயங்காலம் அவள் நிறுத்தத்தில் அவள் இறங்கினாள்.
என் நிறுத்தத்தில் நான்.
பாட்டில் என் பையிலேயே இருந்தது,
கால்வாசித் தண்ணீரோடு.
வாசல் கேட்டை அப்பா பாதிதான் திறந்து வைத்திருந்தார்.
பையைக் கழற்றவில்லை.
ஒருக்களித்து நுழைந்தேன்.